பர்சோ என்றால் எப்போது?

என் மகளுக்கு அஸ்டிக்மாடிசம். கண்ணாடியைக் கழற்றினால் தெருவிளக்குகூட அவளுக்கு வால் முளைத்துத்தான் தெரியும். லேசர் சிகிச்சைக்காகக் கச்சிபௌலி அலுவலகத்தில் கெஞ்சி ஒரு வாரம் லீவு வாங்கியிருந்தாள். இதை விட்டால் அடுத்த வருடம்தான்.

கண்ணை அளக்கும் முன், லக்னோவிலிருந்து புதிதாக வந்திருந்த பரிசோதகர் காண்டாக்ட் லென்ஸைக் கடைசியாக எப்போது போட்டாள் என்று இந்தியில் கேட்டார்.

"பர்சோ," என்றாள்.

அவர் கோப்பை மூடிவிட்டார். லென்ஸைக் கழற்றி இரண்டு வாரமாவது ஆகாவிட்டால் அளவு சரியாக வராதாம்.

பர்சோ என்றால் அவருக்கு முந்தாநாள். சிகந்தராபாத்தில் வளர்ந்த என் மகளுக்கோ, முந்தாநாள் முதல் அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த நாள்வரை எல்லாமே பர்சோ. நான் விளக்கியதும் அவர் சிரித்துவிட்டு, சரியான நாளைக் கேட்டார்.

தேதி தேதியென்று டைரியும் கையுமாக நான் உயிரை வாங்குவதாகத் தினமும் கேலி செய்பவள் என்னைப் பார்த்தாள்.

"என்னை ஏம்மா பார்க்கிறே? இன்னொரு பர்சோ சொல்லேன்."

"நக்கோப்பா, வேணாம், ப்ளீஸ்! சொல்லுங்க."

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு லென்ஸ் டப்பாவையும் வைத்தவள், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. பூஜை முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்று சொன்னேன். கோப்பு மறுபடி திறந்தது.

அந்த வாரமே சிகிச்சை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்தவளிடம் பரிசோதகர் சொன்னார்: "நாளைக் காலை காட்ட வரணும். உங்க ஊர் நாளை இல்லை, எங்க ஊர் நாளை."

"ஹவ்," என்று தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, டைரில எழுதிக்கோங்க," என்றாள்.