செங்கோட்டையன் மாமாவுக்கு வந்த சாமி

எங்கள் செங்கோட்டையன் மாமாவின் உடம்பெங்கும் மெத்தென்ற கட்டிகள். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். இருவருக்கும் திடீரென்று முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டி, உடம்பு நடுங்கும். சாமி வந்துவிட்டதென்று ஊரார் குறி கேட்பார்கள். அப்படி ஒரு வேளையில்தான் மாமாவின் அப்பா விழுந்து இறந்தார்.

1983இல் உறவினரைப் பார்க்கச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் மாமாவுக்குச் சாமி வந்தது.

“சாமி வந்திருக்குதுங்க டாக்டரம்மா. கேக்கறதக் கேளுங்க,” என்றார் அத்தை.

“முதல்ல கையை நீட்டச் சொல்லுங்க,” என்று டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். அது மிக அதிகமாக இருந்தது. இப்படிக் கட்டிகள் வரும் குடும்பங்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலும் ஒரு கட்டி வரும் என்றார். சோதித்துப் பார்த்ததில் மாமாவுக்கும் அந்தக் கட்டி இருந்தது; அதுதான் அவரை ஆட்டிவைத்திருந்தது. ஆபரேஷனில் அதை எடுத்தபின் சாமி வரவில்லை.

மகள் பாப்பாயியின் கையில் கட்டி தெரிந்தபோது, யாரும் குறி கேட்குமுன் மாமா அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மாவுக்கென்று ஒரு மூட்டை நிலக்கடலையும் தோளில் இருந்தது.