துண்டைப் பிழிந்துவிட்டு ஏறுங்கள்

இன்று மெயின் அருவியில் நல்ல தண்ணீர். கீழே ரோட்டில் ஒரு சொட்டு மழை இல்லை.

குளித்துவிட்டுத் தென்காசி பஸ்ஸில் ஏறப் போனோம். கண்டக்டர் வாசலை மறித்துக்கொண்டார்.

"ஈரத்துணியெல்லாம் பிழிஞ்சிட்டு ஏறுங்க."

சீட்டு நனையும் என்று கவலைப்படுகிறார், பெரிய ராஜ சிம்மாசனம் என்று எனக்கு எரிச்சல். அங்கேயே பிழியப் போனேன்.

"தரையில பிழியாதீங்க சார்! அங்கன புதுசா வச்ச புங்கங்கன்னு வாடிப்போய் நிக்குல்லா, அது தூர்ல பிழிங்க."

கூண்டுக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு கன்று. ஒருவர் வேட்டியைப் பிழிந்தார். ஒரு அம்மா பிள்ளையின் டவுசரைப் பிழிந்தார். டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். அடுத்து வந்தவரைக் கண்டக்டர் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, எண்ணெய் தேச்சுக் குளிச்சியளா? நீங்க தள்ளிப் பிழிங்க, கன்னு பட்டுப்போவும்."

என் முறை வந்தது. துண்டை முறுக்கினேன். சற்று முன் அவ்வளவு உயரத்திலிருந்து என் தலையில் விழுந்த அதே தண்ணீர், என் கையிலிருந்து அந்தக் கன்றின் காலடியில் விழுந்தது.

மெயின் அருவி, ஐந்தருவி, பழைய அருவி, புலியருவி. இந்தப் புது அருவிக்கு நீங்களே ஒரு பெயர் சொல்லுங்கள்.