குலுங்கிய வண்டியும் நான் விட்ட வார்த்தையும்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. விருத்தாசலத்தில் ஒரு பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறேன். எங்கள் ஊரில் பீங்கான் பொம்மை செய்கிறவர்கள் அதிகம். மண்கூழை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுத்துக் காயவைப்பது அவரவர் கொட்டகையில். சுடுவது மட்டும் பலருக்கும் பொதுவான ஒரு சூளையில். சுடாத அந்தப் பச்சைப் பொம்மைகளைச் சூளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. அப்பளக் கட்டைக் கொண்டுபோவது போலத்தான், கொஞ்சம் அசந்தால் நொறுங்கிவிடும்.

அந்த மாதம் வண்டிக்குச் சனியன் பிடித்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, இன்ஜின் சும்மா ஓடியபடி நிற்கும்போது, குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி தடதடவென்று குலுங்கும். முதல் மெக்கானிக் டீசலில் குப்பை என்றார், டீசல் ஃபில்டரை மாற்றினார். அடுத்தவர் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். மூன்றாமவர் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் போய்விட்டது என்று அதையும் மாற்றினார். வண்டி மட்டும் அப்படியே குலுங்கியது. ஏர் ஃபில்டரைப் பார்க்கலாமா என்று மூன்றாமவர் கேட்டார். அதைத் தொடவே வேண்டாம், தினமும் நானே சுத்தம் செய்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

மூன்று வாரம் அந்தக் குலுங்கலிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு ஓய்ந்துபோனது. சோறு பிசையும்போதுகூடக் கையில் அந்த அதிர்வு இருப்பது போலவே தோன்றும். யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். வண்டியை விற்றுவிட்டு எங்காவது வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்படி ஒரு நாளில்தான் ஒரு அம்மாவின் பொம்மைகளை ஏற்றிக்கொண்டு சூளைக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கணவர் இல்லை, தனியாகக் கொட்டகை நடத்துகிறார். தும்பிக்கை தூக்கிய யானைப் பொம்மைகள், பெரிய ஆர்டர். சூளை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வண்டியாக நகர்வதால் இன்ஜினை அணைக்காமல் ஒரு மணி நேரம் நின்றேன். இறக்கிப் பார்த்தால் பாதி யானைகளுக்குத் தும்பிக்கை ஒட்டிய இடத்தில் விரிசல். சூளையைக் கவனிக்கிறவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பழி நம் தலையில் விழப்போகிறது என்ற பயம் எனக்கு. அலுப்பு வேறு.

"வண்டியில ஒன்னும் இல்லீங்க. அந்தம்மா ஈரம் காயறதுக்குள்ள ஏத்தி வுட்டுடறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

பொதுச் சூளையில் இதைவிட மோசமான பேச்சு கிடையாது. ஈரம் உள்ள பொம்மை சூட்டில் வெடிக்கும், பக்கத்தில் இருக்கிற அடுத்தவர் பொம்மையையும் சேர்த்து உடைக்கும். வரிசையில் நின்ற பத்துப் பேர் காதிலும் அது விழுந்தது. பொம்மை அடுக்கிய அந்த அம்மாவின் தட்டுகளோடு தங்கள் தட்டுகளை அடுக்கக்கூடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். விரிசல் விடாத யானைகளையும் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டார்கள். அவர் முறை போனது. குறித்த நாளில் கொடுக்க முடியாமல் ஆர்டரும் போனது.

நாலு நாள் கழித்து அடுத்த லோடுக்காக, வெட்கமில்லாமல், அவர் கொட்டகைக்கே போய் நின்றேன். அவர் சண்டை போடவில்லை. ஒரு காலித் தட்டை வண்டியில் வைத்து, இன்ஜினை ஓடவிடச் சொன்னார். தட்டு தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று புலம்பினேன். ஏர் ஃபில்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

அச்சில் ஒட்டிய தூசியை ஊத மற்ற கொட்டகைகளில் போலவே அவர் கொட்டகையிலும் கம்ப்ரஸர் குழாய் ஒன்று உண்டு. மண்தூசி அதிகம் என்று தினமும் லோடு ஏற்றுகிற இடத்தில் அதை வாங்கித்தான் ஃபில்டரை ஊதுவேன். தூசி நன்றாகப் போகட்டும் என்று குழாய் முனையை ஃபில்டர் தாளோடு ஒட்டவைத்து ஊதுவேன். அதை அவர் பார்த்திருக்கிறார்.

வட்டமான அந்த ஃபில்டருக்குள் செல்போன் டார்ச்சை விட்டுச் சுற்றினார். பொம்மைக்குள் பல்பை விட்டு விரிசல் பார்ப்பார்களே, அதே மாதிரி. மடிப்புக்கு நடுவே இரண்டு இடத்தில் கோடு கோடாக வெளிச்சம் வெளியே வந்தது.

"அந்தக் காத்த காஞ்ச பொம்மைக்கே நாங்க கிட்ட வெச்சிப் புடிக்க மாட்டோம்ணா. இது வெறும் காயிதம்."

தாளைக் கிழித்தது நான்தான். அந்தக் கிழிசல் வழியாக மாவு மாதிரி மண்தூசி உள்ளே போயிருக்கிறது. அந்த மூன்றாவது மெக்கானிக்கிடமே ஓடினேன். உள்ளே போகும் காற்றை அளக்கிற சென்சார் மேல் அந்தத் தூசி படிந்து கிடந்ததைக் காட்டினார். அதைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டதும் வண்டி அடங்கிவிட்டது. அரைமணி நேர வேலை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்கிட்ட எதுக்குண்ணா சொல்றீங்க? எங்க சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க."

மறுநாள் சூளைக்குப் போனேன். அந்த அம்மாவின் பொம்மையில் ஈரமில்லை, என் வண்டிதான் கெடுத்தது என்று உரக்கவே சொன்னேன். அன்றைக்கு வரிசையில் நான்கு பேர்தான் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் புதிது. அவர் தட்டுகளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் எல்லாரும் இல்லை. இந்தப் பொங்கலுக்கு முன்புகூட ஒருவர் என்னிடம் வந்து, அந்தம்மா பொம்மையோடு தன் பொம்மையை வைக்கலாமா, ஈரமாக அனுப்புவாராமே என்று கேட்டார். அதை முதலில் சொன்னவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்குமோ தெரியாது, கேட்கிறவர் இருக்கிற வரைக்கும் சொல்லித்தான் ஆகவேண்டும்.