கம்பியைப் பிடிக்காதவர்

புத்தூரிலிருந்து சத்தியவேடு போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்றவர் கம்பியைப் பிடிக்கவே இல்லை. வெயிலில் கறுத்த முகத்தில் கண்களைச் சுற்றி மட்டும் நீச்சல் கண்ணாடி போட்ட வெளுப்புத் தடம். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் தடுமாறினார்.

“புடிச்சிக்கோங்க, உழுந்துடப் போறீங்க” என்றேன்.

“பழக்கம் சார். அந்தமான்ல டூரிஸ்டுங்கள கடலுக்கடியில கூட்டிக்கினு போயி பவளப்பாறை காட்டற வேல. கையக் கட்டிக்கினுதான் நீந்தணும். பவளத்துக்கு உசுரு இருக்குது, வெரல் பட்டாக்கூட செத்துப்பூடும்னு அவங்ககிட்ட தெனம் சொல்லிக்கினு இருந்தேன். புயலு வந்து மொத்தத்தையும் ஒடச்சிப் போட்டுட்ச்சி. இப்ப ஒரு ஆளு வர்றதில்ல.”

“மறுபடி வளராதா?”

“வளரும் சார். என் புள்ளைங்க பாக்கலாம். இங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். இன்னா வேல தெரியும்னு கேட்டா இன்னான்னு சொல்றது சார்?”

கம்பெனி நிறுத்தத்தில் பஸ் நின்றது.

கம்பெனி வாசலில் ஒரே கூட்டம், தள்ளுமுள்ளு. இறங்கியவர் கட்டிய கைகளை அவிழ்க்காமல், யார் மேலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனார். அப்படிப் போனவர் அந்த வாசலுக்குள் எப்படி நுழைந்திருப்பார் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.