மாடியக்கா விருந்தாளியாகத் தங்கிய கதை

மாடியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. பண்ணை வீட்டு ஓட்டலில் மாடி அறைகள் முழுக்க அவள் பொறுப்பு, அதனால் மாடியக்கா. அவளைவிட மூத்த சமையல்காரர் கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கட்டியவன் கண்ணை மூடிவிட, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கையைக் கரையேற்ற வேண்டுமே என்று இந்த வேலைக்கு வந்தவள். தங்கை கரையேறிவிட்டாள். அக்கா மாடியிலேயே நின்றுவிட்டாள்.

வயலும் தோப்புமாகக் கிடக்கிற அந்தப் பெரிய வீடு ஒரு காலத்தில் ஏதோ ஒரு நிலக்காரருடையது. வாரிசுகள் ஆளுக்கொரு திசையாகப் போனபின் ஓட்டலாகிவிட்டது. நகரத்துக்காரர்கள் அமைதி வேண்டும் என்று காரை எடுத்துக்கொண்டு அங்கே வருவார்கள். மறுநாள் காலையில், பறவைகள் கத்துகின்றன, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்பார்கள். பறவைகளின் வாயை மாடியக்கா எப்படிக் கட்டுவாள்? சன்னலைச் சாத்திக்கொடுத்துவிட்டு வருவாள்.

விருந்தாளிகள் வெளியே போன பிறகுதான் அவள் அறைக்குள் போவாள். அவர்களோடு பேசிய பேச்சைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கைப்பிடி தேறாது. அறையே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரு தலையணை மட்டும் சோபாவில் கிடந்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் முட்டிக்கொண்டது என்று அர்த்தம். குளியலறை முழுக்கத் தண்ணீர் நின்று சோப்பு மட்டும் பிரிக்காமல் இருந்தால், பிள்ளைகளிடம் பெற்றவள் தோற்றுப்போனாள் என்று அர்த்தம். மாடியில் இருக்கிற துணி அறையில் வெளுத்து வந்த விரிப்புகளை மடித்துக்கொண்டே இந்தக் கதைகளை அவள் சொல்ல, ரேடியோ வாயைப் பிளந்து கேட்பாள். ரேடியோ என்பது கீழ்த்தள அறைகளைப் பார்த்துக்கொள்கிறவள். மாடியில் கேட்டது, அவள் படி இறங்கி முடிப்பதற்குள் சமையற்கட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பேர் சும்மா வரவில்லை.

ஒரு முறை மாடிக் கோடி அறையில் ஒரு பெரியவர் வந்து தங்கினார். அறை இரண்டு பேருக்கு எடுத்தது, வந்தது அவர் மட்டும். வீட்டுக்காரி பின்னாலேயே வருகிறாள் என்றார். ஒருத்தியும் வரவில்லை. ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு கப்பிலும் காபிக் கறை இருக்கும், இரண்டு துண்டும் நனைந்திருக்கும். "இந்தக் கப்புல பாதி, அந்தக் கப்புல பாதி குடிச்சிருக்கார்டி. யார் காதுல பூ சுத்தறார்?" என்று மாடியக்கா சொன்னதும், ரேடியோ கீழே போய் அதை நடித்தே காட்டினாள். சமையற்கட்டே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் கிளம்புகிற வரைக்கும் அவருக்கு அங்கே ரெண்டு கப்பு என்றுதான் பேர்.

இப்படி இருக்கும்போது புதிதாக வந்த மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்தது. விருந்தாளி என்ன உணர்கிறார் என்பது வேலை செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். ஆகவே ஒவ்வொருவரும் முறை வைத்து ஓர் இரவு விருந்தாளியாகத் தங்க வேண்டும். சாப்பாடு, அறை எல்லாம் இலவசம், கூட ஓர் ஆளையும் அழைத்து வரலாம். சமையல்காரர் மனைவியோடு தங்கினார், மூன்று வேளைச் சாப்பாட்டிலும் குறை சொன்னார். ரேடியோ புருஷனோடு தங்கினாள், அவன் விட்ட குறட்டையைப் பற்றி ஒரு வாரம் ஒலிபரப்பினாள். அடுத்த முறை மாடியக்காவுடையது.

"நீங்க யாரைக் கூட்டிட்டு வரப் போறீங்கக்கா?" என்று ரேடியோ கேட்டாள்.

மாடியக்காவின் கை விரிப்பின் நடுவிலேயே நின்றுவிட்டது. "என் தங்கச்சியைத்தான்" என்று சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, தங்கை வருவாளா என்பது அவளுக்கே தெரியாது. அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசிப் பல வருஷங்கள் ஆகின்றன. தங்கைக்குத் தலைப்பிரசவம் நெருங்கியபோது, ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாரம் பார்த்து ஓட்டலில் ஒரு பெரிய கூட்டம் வந்து இறங்கியது. லீவு கிடையாது, போனால் வேலையும் கிடையாது என்றார்கள். இவள் போகவில்லை. தங்கை புருஷனும் வெளியூரில் இருந்தான். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளின் தாய்தான் தங்கைக்குத் தண்ணீர் கொடுத்தாளாம். பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு பொம்மையோடு போய் நின்ற அக்காவிடம், "ஊரான் படுக்கையைத் தட்டிப் போடத்தான் உனக்கு நேரம்" என்று தங்கை சொன்னாள். பொம்மை மட்டும் உள்ளே போனது.

தங்கையை இங்கே கூட்டி வந்து, தான் தட்டிப் போடுகிற படுக்கையில் அவளைப் படுக்க வைத்து, மற்றவர்களை விட்டுப் பரிமாறச் சொல்லி, அன்றைக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். மாடியக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். காலில் விழுவது என்றாலும் சொந்த ஊர்த் தெருவில் விழுவதைவிட இங்கே கம்பளத்தில் விழலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

விடுமுறை நாளில் பஸ் ஏறித் தங்கையின் தையல் கடைக்குப் போனாள். தங்கை வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். மாடியக்கா மூலையில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, கடைக்கு வந்தவள் போனதும், ஒப்பித்து வைத்திருந்ததையெல்லாம் தலைகால் புரியாமல் கொட்டினாள். ஓட்டலில் தங்கலாம், பெரிய கட்டில், சன்னலைத் திறந்தால் தோப்பு, செலவே கிடையாது, அடுத்த வெள்ளிக்கிழமை. தங்கை துண்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முகத்தில் கோபமும் தெரியவில்லை, வேறெதுவும் தெரியவில்லை. பிறகு குடையை எடுத்தாள்.

"பட்டன் கடை சாத்திருவான். சரி, வரேன்" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

சரி, வரேன்! மாடியக்காவுக்கு அந்த முக்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. திரும்பி வரும் வழியில் கால் தரையில் பாவவில்லை. வந்ததும் வராததுமாக ரேடியோவிடம் சொன்னாள். ரேடியோவிடம் சொன்னபின் வேறு யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, முதல் முறையாக முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். பையை வாங்க வந்த காவலாளியோடு இழுபறி நடந்தது, கடைசியில் பையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு மாடியேறினார்கள். கொடுத்தது கோடி அறை. ரேடியோ அதைத் தயார் செய்திருந்தாள். இரண்டு கப், இரண்டு துண்டு, இரண்டு தலையணை. விரிப்பின் ஒரு முனை சரியில்லை என்று மாடியக்காவின் கை பரபரத்தது, சரிசெய்தும்விட்டது.

சன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எத்தனை தடவை துடைத்த நாற்காலி! அதில் உட்கார்ந்தால் தோப்புக்கு அந்தப் பக்கம் பஸ் வருகிற சாலை தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டிலில் சாய்ந்தால் அலமாரிக்கு மேலே ஓர் இணுக்குத் தூசி தெரிந்தது. இதைப் பார்த்துக்கொண்டா இத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று வெட்கமாகப் போனது. கதவு சாத்தியிருந்தது. யாரும் தட்டவில்லை, கூப்பிடவில்லை. இந்த அமைதிக்காகவா இவ்வளவு தூரம் வருகிறார்கள்? காசு கொடுத்து இப்படித் தனியாக இருக்க வருகிறவர்களை நினைத்து அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளுக்கு இது வீட்டிலேயே நிறைய இருந்தது.

ஒரு பஸ் வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது. சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பேருக்கு மேசை போட்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் சூப்பை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தங்கச்சி இன்னும் வரலையாக்கா?"

"கடையில வேலையாம். லேட்டாத்தான் வருவா. நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

சூப்பைக் குடித்தாளா, வைத்துவிட்டாளா என்பது அவளுக்கே நினைவில்லை. அறைக்குப் போய் போனைப் போட்டாள்.

"எங்கம்மா இருக்க? பஸ் ஏறிட்டியா?"

"எந்த பஸ்?" என்றாள் தங்கை.

"இங்க வர்றதுக்கு. வரேன்னு சொன்னியே அன்னிக்கு."

போனில் தையல் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அக்கா, நான் பட்டன் வாங்கக் கிளம்பினேன். கிளம்பறப்ப வரேன்னுதானே சொல்வாங்க? போறேன்னா சொல்வாங்க?"

"சரின்னும் சொன்னியே."

"சரி, வரேன்னேன். அவ்வளவுதான். நீ அதை இப்படி எடுத்துப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆமா ஆமா. நானும் சும்மாத்தான் கேட்டேன்."

"நீ கூட ஒரு தடவை வரேன்னு சொன்ன" என்றாள் தங்கை. குரலில் சூடே இல்லை. "அது கிளம்பறப்ப சொன்ன வரேன் இல்ல. நான் வாசலையே பாத்துட்டுப் படுத்திருந்தேன்."

மன்னிப்பு என்று அவள் எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை. "தச்சு முடி, நேரமாச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அழுதாள். நன்றாகவே அழுதாள். தலையணை உறை நனைந்தால் மாற்ற வேண்டுமே என்று முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் பார்த்தது பக்கத்துத் தலையணையை. நேற்று வைத்தபடி, ஒரு சுருக்கம் இல்லாமல் உப்பிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ரேடியோ வருவாள். ரேடியோவுக்கு அறையைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததே இவள்தான்.

மாடியக்கா எழுந்து அந்தத் தலையணையில் முழங்கையை வைத்து அழுத்தினாள். அந்தப் பக்கத்து விரிப்பைக் கசக்கினாள். இரண்டாவது துண்டை நனைத்துப் பிழிந்தாள். காபி போட்டு இந்தக் கப்பில் பாதி குடித்தாள். மற்றக் கப்பில் ஊற்றி அதை வாயருகே கொண்டுபோனபோதுதான் அந்தப் பெரியவரின் ஞாபகம் வந்தது. இதே அறை. இதே கப்பாகக்கூட இருக்கலாம். அவர் காதில் பூ சுற்றியது ஓட்டல்காரர்களுக்கு இல்லை, அவருக்கேதான் என்று அப்போது புரிந்தது. தன் நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும் என்று தோன்றியது. கப்பைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு துணி அறைக்குப் போய்ச் சீருடை மாற்றினாள். ரேடியோ கோடி அறைக்குள் போகிற சத்தம் கேட்டது. வழக்கமாக உள்ளே போனதும் பாட்டு ஆரம்பித்துவிடும். இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. மாடியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை, போய்க் கதவருகே நின்றாள்.

ரேடியோ குளியலறை வாசலில் அந்த இரண்டாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். துண்டு ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாக மடித்து, விளிம்பை உள்ளே செருகியிருந்தது. எந்த விருந்தாளியும் ஈரத் துண்டை அப்படி மடித்ததில்லை. அந்த மடிப்பு அந்த ஓட்டலில் ஒரே ஒருத்தியின் கைக்குத்தான் வரும். பாவி மகள், கை அதுபாட்டுக்கு மடித்துவிட்டிருக்கிறது.

மாடியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ரேடியோ அவளைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். பிறகு துண்டை உதறி, மடிப்பைக் குலைத்து, அழுக்குத் துணிக் குவியலில் எறிந்தாள். இரண்டு கப்பையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். சமையற்கட்டிலிருந்து அவள் குரல் மாடிவரைக்கும் கேட்டது.

"அக்காவும் தங்கச்சியும் ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல போல! ரூமைத் தலைகீழா ஆக்கி வெச்சிருக்காங்க. அள்ளி மாளல எனக்கு!"

சமையல்காரர் சிரிப்பது கேட்டது. மாடியக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் படியேறி வந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு? உங்க தங்கச்சியைப் பாக்கணும்னு இருந்தேன். எங்கே அவங்க?"

"வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டா சார்" என்றாள் மாடியக்கா.