டிரசர் ராஜரத்தினத்தின் கோழி ஆராய்ச்சி

ராஜரத்தினத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. மேடையில் போட்ட நாற்காலியில் ஒருநாளாவது உட்கார்ந்துவிட வேண்டும். மலாக்கா டவுனில் கோயில் கூட்டமோ சங்கத்து ஆண்டுவிழாவோ எது நடந்தாலும், வெளுத்த கால்சட்டையும் மடிப்புக் கலையாத கோட்டுமாக முதல் ஆளாகப் போய் முன்வரிசையைப் பிடித்துக்கொள்வார். பெரிய மனிதர்கள் யாராவது வராமல் போனால் அந்த இடத்துக்குத் தன்னைக் கூப்பிட மாட்டார்களா என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பார். ஒருவரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடும்படி அந்த மனிதர் எதையும் செய்து கிழித்ததும் இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் டிரசராக இருந்தவர். காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் கால் புண்ணுக்கும் ஒரே வெள்ளை மருந்தைக் கலக்கிக் கொடுப்பார். பிழைத்தவன் டிரசர் கைராசியால் பிழைத்தான். செத்தவன் தன் தலைவிதியால் செத்தான். அவர் பிறந்தது புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டியவர். யாராவது கேட்டால், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார் என்று கூசாமல் சொல்வார்.

பென்சன் வாங்கிக்கொண்டு மனைவி ருக்மணியோடு காஜா பெராங்கில் வாடகை வீடு பிடித்தார். வந்த கையோடு அக்கம்பக்கத்துக்கு உபதேசம் ஆரம்பித்துவிட்டார். நகம் வெட்டு, பல் தேய், கீரை தின்னு என்று போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பிரசங்கம். பக்கத்துக் கம்போங் செட்டிக்காரர்கள் தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக வீட்டில் மலாய் பேசுகிறவர்கள். இவருடைய செந்தமிழ் அவர்களுக்கு விளங்கவில்லை, தப்பித்தார்கள். மாட்டிக்கொண்டது சாக்கடை ஓரத்து லயத்துப் பிள்ளைகள்தான்.

வரிசை வீடுகளான அந்த லயத்தில் தெருக் கூட்டுகிறவர்களும் மலவாளி தூக்குகிறவர்களும் குடியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பா அம்மாவோடு வேலைக்குப் போகிற வயசுக்காரர்கள். காலையில் வரக்கோப்பியும் ரொட்டியும், மத்தியானம் வெள்ளைச் சோறும் மிளகாய்ச் சம்பலும், ராத்திரி அந்தச் சோற்றில் மிச்சமிருந்தால் அது. முக்கால்வாசிப் பேருக்கு உதட்டோரம் வெடித்து, வாயைத் திறந்து சிரிக்க முடியாமல் இருந்தது.

"திமிர் புடிச்ச சனம். கள்ளுக்கும் படத்துக்கும் காசு அழுவுது, ஒரு பிடி பயிறு வாங்கித் திங்கத் துப்பில்ல" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார் ராஜரத்தினம்.

"அதுங்க சம்பளத்துல நீங்க ஒரு மாசம் குடும்பம் நடத்திப் பாருங்களேன்" என்பாள் ருக்மணி. அவள் பேச்சை அவர் என்றைக்குக் காதில் போட்டுக்கொண்டார்?

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருஷம் அது. டவுன் முழுக்கக் கொடியும் தோரணமுமாக ஏற்பாடு நடந்தது. கொண்டாட்டத்தில் ஒரு சுகாதாரக் கண்காட்சியும் உண்டு, நல்ல காட்சி வைக்கிறவர்கள் வெள்ளைக்காரப் பெரிய டாக்டரோடு மேடையில் உட்காரலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அன்றைக்கே ராஜரத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை. டிரசர் வேலை படித்த காலத்தில் கோழிகளுக்கு வேறு வேறு தீனி போட்டு யாரோ வித்தியாசம் காட்டியது ஞாபகம் வந்தது. லயத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அறிவித்தார்.

"வீட்டுக்கு ரெண்டு கோழிக்குஞ்சு. ஒண்ணுக்கு வெறும் வெள்ளச் சோறு, உங்க சாப்பாடு மாதிரி. இன்னொண்ணுக்குச் சோத்தோட அவிச்ச பயிறும் நெத்திலியும். கூண்ட விட்டு ரெண்டையும் எறக்கப்படாது. நீங்களே தீனி போடுங்க, நீங்களே பாருங்க, நீங்களே வந்து சொல்லுங்க. இது உங்க ஆராய்ச்சி. அப்பவாச்சும் புத்தி வருதான்னு பாப்போம்."

மளிகைக்கடை அப்துல் ஹமீதிடம் போய்க் காக்கா பிடித்துப் பயறும் நெத்திலியும் சாக்குச் சாக்காக வாங்கிக்கொண்டு வந்தார். கிளேபாங்கிலிருந்து குஞ்சுகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் லயத்துக்குப் போவார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் குந்துவார். குஞ்சின் அலகைப் பிளந்து பார்ப்பார், நெஞ்சைத் தடவுவார், இறக்கையைத் தூக்குவார். சுற்றி நிற்கிற பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமில்லை.

ஆராய்ச்சி உருப்படவில்லை. சில வாரத்தில் எல்லா வீட்டிலும் இரண்டு குஞ்சுமே தலை தொங்கி, கால் பின்னிக் கிடந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. பயறு போட்டது எது, போடாதது எது என்று பெற்ற தாய்க்கோழிக்கே தெரியாது.

"பயிறு ஒழுங்கா போடுறீங்களா?"

"ஆமாங்கய்யா" என்றார்கள் எல்லோரும், தரையைப் பார்த்துக்கொண்டு.

தப்பிப் பிழைத்தது ஒரே ஒரு வீடு. நல்லையா என்ற பையன். டிரசரைக் கண்டாலே நடுங்குகிறவன், சொன்னதை அப்படியே செய்கிறவன். அவன் வளர்த்த பயறுக் கோழி கொழுகொழுவென்று வளர்ந்தது. சோற்றுக் கோழி எழுந்து நிற்கவே திண்டாடியது. போதும், இந்த ஒரு ஜோடி இருந்தால் நாற்காலி நிச்சயம் என்று ராஜரத்தினம் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் பேசிப் பழக ஆரம்பித்தார்.

ஆடி மாசம் பிறந்தது. கொழுத்த கோழியின் கழுத்தில் கட்டிப் பார்க்கச் சிவப்பு ரிப்பனோடு போனால், கூண்டில் நோஞ்சான் மட்டும் இருந்தது. நல்லையாவின் அப்பா அதை முனீஸ்வரன் சாமிக்கு நேர்ந்திருந்தாராம். முந்தின நாள்தான் படையல் முடிந்திருக்கிறது.

"என்ன காரியம்யா செஞ்ச! அது என் கோழிய்யா!" என்று ராஜரத்தினம் அலறினார்.

"சாமிக்கு நோஞ்சானையா ஐயா அறுக்கச் சொல்றீங்க?" என்றார் அவர் நிதானமாக.

ராஜரத்தினம் லயத்து வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். மற்ற கோழியெல்லாம் ஏன் செத்தது, கொடுத்த பயறெல்லாம் எங்கே போனது என்று கேட்டார். அம்மாவோடு தெருக் கூட்டப் போகிற அஞ்சலைதான் முன்னால் வந்தாள். அவளுக்குப் பதினாறு வயசு இருக்கும்.

"நாங்கதான் தின்னோம். நல்லையா மட்டுந்தான் கோழிக்குப் போட்டான். கோழிக்குன்னு குடுத்தீங்களே, அந்த மாதிரி சாப்பாடு எங்க வீட்ல நாங்க பாத்ததே இல்லங்கய்யா. அவிச்சு, உப்புப் போட்டு, தம்பி தங்கச்சிக்கும் குடுத்தோம். வாய்ப்புண்ணெல்லாம்கூட..."

"வாய மூடு! திருட்டுக் கழுதைங்களா! கோழித் தீனியத் திங்கிற சென்மத்துக்கு ஆராய்ச்சி ஒரு கேடா!"

அவள் வாயை மூடிக்கொண்டாள். வெடிப்பு ஒன்றும் இல்லாமல் அந்த உதடு அழகாக மூடியது. அது அவர் கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு வந்து ருக்மணியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, அப்ப உங்க ஆராய்ச்சி பலிச்சிருச்சில்ல? பயிறு தின்ன புள்ளைங்களுக்கு வாய் ஆறிப்போச்சு. அதுங்களையே கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க."

"லயத்துப் பசங்க கோழித் தீனியத் தின்னுச்சுன்னு தொர முன்னாடி போய்ச் சொல்லவா? என் மானம் என்னாவுறது?"

"உங்களுக்கு மானம் ஒண்ணுதான் கொறச்சல்" என்று சொல்லிவிட்டு அவள் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மானமுள்ள அந்த மனிதர் நோஞ்சானைக் கேட்டு மறுபடி லயத்துக்குப் போகாமல், மறுநாள் பசாருக்குப் போனார். கொழுத்த கோழி ஒன்றும் சீக்கு வந்து சாகக் கிடந்த கோழி ஒன்றும் பார்த்து வாங்கினார். கோழிக்காரனே சீக்குக் கோழியை விற்க வெட்கப்பட்டான். இவர் வாங்க வெட்கப்படவில்லை. சிவப்பு ரிப்பனும் கறுப்பு ரிப்பனும் கட்டி, இரண்டையும் லயத்துப் பிள்ளைகள் வளர்த்தவை, வாரா வாரம் டிரசர் நேரில் போய்ச் சோதித்தவை என்று பலகை எழுதி வைத்துவிட்டார்.

கண்காட்சி நாளன்று திடலில் கூட்டம் அலைமோதியது. ராஜரத்தினத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் மேடையேறினார். வெள்ளைக்கார டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி, கை வைத்த நாற்காலி. உட்கார்ந்ததும் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் போட்டுக்கொண்டார். டாக்டர் கோழிகளைப் பார்த்துப் பாராட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் நாட்டை அவர் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போகிறான் என்று நினைக்கத் தோன்றும்.

டாக்டர் அதோடு விட்டிருக்கலாம். கோழி வளர்த்த பிள்ளைகள் எங்கே, நான் அவர்களோடு பேச வேண்டும் என்றார். மேடைக்குக் கீழே லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழில் அவர்கள் என்ன உளறினாலும் இங்கிலீஷில் மாற்றிச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று ராஜரத்தினம் தொண்டையைக் கனைத்துத் தயாரானார். டாக்டர் நேராகப் பிள்ளைகளிடம் மலாயில் கேட்டார். மலாக்காவில் பிறந்த பிள்ளைக்கு மலாய்க்கு ஆள் வேண்டுமா?

"இது எங்கள் கோழி இல்லை துவான்" என்று அஞ்சலை கணீரென்று மலாயில் சொன்னாள். "பசார்க் கோழி. எங்கள் கோழியெல்லாம் செத்துப் போய்விட்டது. அதற்குக் கொடுத்த பயறை நாங்கள் தின்றுவிட்டோம். முன்னால் எங்கள் எல்லோருக்கும் வாய் வெடித்திருந்தது. இப்போது பாருங்கள்."

வாயை ஆவென்று திறந்து காட்டினாள். மற்றவர்களும் காட்டினார்கள். பிறகு பின்னால் ஒளிந்துகொண்டிருந்த நல்லையாவைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இவன் மட்டும் தின்னவில்லை. சொன்னபடி எல்லாவற்றையும் கோழிக்கே போட்டான். இவன் வாயையும் பாருங்கள்."

டாக்டர் எழுந்து மேடையை விட்டு இறங்கினார். பிள்ளைகளின் முகவாயைப் பிடித்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து நல்லையாவிடம் நின்றார். பையன் பயந்துகொண்டே வாயைத் திறந்தான். உதட்டோரம் பிளந்து ரத்தம் கசிந்தது.

டாக்டர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். எல்லோருக்கும் விளங்கட்டும் என்றுதானோ என்னவோ, மலாயிலேயே கேட்டார்.

"டிரசர், வாரா வாரம் இந்தப் பையன் உங்களுக்குப் பக்கத்தில்தானே நின்றுகொண்டிருந்தான்?"

ராஜரத்தினம் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய நாற்காலி அல்லவா. அதன் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.