பின் சக்கரம் மூளுது

பிரேக் ட்ரம்மில் கியர் ஆயில் கசிந்து கருகினால் ஒரு நாற்றம் வரும் பாருங்கள்... அழுகின முட்டையைச் சட்டியில் தீய விட்டது போல. போடியில் நான் சொந்தமாக ஷெட் போட்ட புதிதில், மலை இறங்கி வரும் ஜீப்புகளில் அந்த நாற்றமும் ஏலக்காய் மணமும் சேர்ந்தே வரும். இன்றைக்கும் வீட்டில் டீக்கு ஏலக்காய் தட்டினால் எனக்கு மூக்கில் ஏறுவது கியர் ஆயில்தான். சொன்னால் திட்டு விழும், அதனால் சொல்வதில்லை.

அப்போது செல்வம் அண்ணன் என்று ஒரு ஜீப் டிரைவர். காலையில் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவார், சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். அந்தப் பதினாலில் ஒருவர் பேச்சியக்கா. மலைமேலே கேரளப் பக்கம் எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்து, போடியில் வாக்கப்பட்டவர். காய் எடுப்பில் அவர் கைக்கு ஈடு கிடையாது என்பார்கள். செடியின் தூரில் குத்தவைத்து, பழுத்ததை மட்டும் விரல் நுனியால் கிள்ளுவாராம், ஒரு பிஞ்சு உதிராதாம்.

வளைவுகளில் அவருக்குக் குமட்டும். அதனால் எப்போதும் கடைசி இடம், இடது பின் சக்கரத்துக்கு நேர் மேலே.

ஒரு நாள் இறங்கிய கையோடு ஷெட்டுக்கு வந்தார்.

"தம்பி, பின்னாடி சக்கரம் மூளுது. செல்வம் அண்ணே முன்னாடி இருக்காக, அவுகளுக்குத் தெரியல. வெரசா என்னான்னு பாருங்க."

நான் மலையடிவாரத்தில் தேவாரம் ஊர்க்காரன். எங்களுக்கு மூளுது என்றால் தீ. வண்டியை அப்படியே ஷெட்டுக்குள் விடச் சொல்லி, சக்கரத்தைக் கழற்றி ட்ரம்மை எடுத்தேன். நினைத்தபடியே உள்ளே எண்ணெய். ஆக்சில் சீல் தேய்ந்து, கியர் ஆயில் கசிந்து, பிரேக் ஷூ ஊறிப் போயிருந்தது. வந்த நோயைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்ட டாக்டர் மாதிரி எனக்கு ஒரு மிதப்பு. ஆக்சிலை உருவி, புது சீல் போட்டு, ஷூவையும் மாற்றினேன்.

உருவும்போது ஆக்சிலோடு சேர்ந்து பேரிங்கும் வந்தது. என் கையில்தான் இருந்தது... துடைத்தேன், ஒரு சுற்றுச் சுற்றினேன், கிரீஸை அப்பித் திரும்பச் செருகிவிட்டேன்.

சீல் தானாகக் கெடுவது குறைவு. பேரிங் தேய்ந்து ஆக்சில் ஆட ஆடத்தான் சீலின் உதடு இப்படி அரைபடும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கழற்றுவதற்கு முன்னால் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் கை சொல்லியிருக்கும். நான் தேடியது தீயை. தீக்குக் காரணம் கிடைத்ததும் புத்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

புது கிரீஸ் பட்டால் செத்த பேரிங்கும் ரெண்டு நாள் வாயை மூடிக்கொள்ளும். மூன்றாம் நாள் சாயங்காலம் பேச்சியக்கா மறுபடி வந்தார். இறங்கும்போது வளைவு முழுக்க மூளிச்சு என்றார். மூண்டுச்சு என்று சொல்லாமல் என்ன பேச்சு இது, மலைக்காரப் பேச்சு என்று நினைத்ததோடு சரி. ஜீப்பின் இரண்டு பின் ட்ரம்மையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு, பிரேக் பிடித்து இறங்கிய சூடு.

"இந்தச் சூட்டுல வடகம்கூடக் காயாதுக்கா" என்றேன்.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். பேச்சியக்காவும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

மறுநாள் இறக்கத்தில் பேரிங் உடைந்து, ஆக்சில் சக்கரத்தோடு வெளியே உருவிக்கொண்டது. செல்வம் அண்ணன் மலைப் பக்கமாக ஒடித்ததால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஜீப் சாய்ந்து மலைச் சுவரில் உரசியபோது பின் கம்பியைப் பிடித்திருந்த பேச்சியக்காவின் வலது கை நடுவில் மாட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைப் பார்க்க முடியவில்லை. கேட்காமலே நியாயம் பேசினேன்... "தொட்டுப் பாத்தேனேக்கா, அப்படியொண்ணும் சூடில்லையே."

"தொட்டா எப்புடிப்பா தெரியும்? காதை வச்சுல்ல கேக்கணும்" என்றார். பிறகு உதட்டை மூடிக்கொண்டு, ம்ம்ம்ம்ம் என்று தொண்டைக்குள் இழுத்தார்.

தேய்ந்த பேரிங் சத்தம். அச்சு அசல்.

பிறகு மலைக்காரர்களிடம் விசாரித்தேன். மலையில் மலையாளம் கலந்த பேச்சில் மூளுறது என்றால் முனகுவதாம், வாயை மூடிக்கொண்டு பாடுவதாம். அந்தம்மா பேரிங் பேரிங் என்றுதான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பெருவிரலும் அடுத்த விரலும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. காய் எடுப்பு அதோடு முடிந்தது.

இப்போது என் ஷெட்டுக்கு வரும் கார்களில் பல, பேரிங்கும் சீலும் ஒரே செட்டாக வருகிறவை. கழற்றி மாட்டினால் சோலி முடிந்தது. சத்தத்தைப் போனில் ரெக்கார்ட் பண்ணியே கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் விடுவதில்லை. "வாயால செஞ்சு காட்டுங்க" என்பேன். சட்டை இன் பண்ணின ஆபீசர்கூட கூச்சப்பட்டுக்கொண்டே 'கொர்ர்ர்' என்று காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். மிமிக்ரி ஷெட் என்று ஊரில் பேர். சிரித்துக்கொள்ளட்டும்.

பேச்சியக்கா இப்போது ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறார், இடது கையால். போன மாதம் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து, அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குப் புரியவில்லை என்பதைச் சொல்லிவிட்டேன். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன்.

அவர் காயைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"நீ என்னய நம்பலன்னுல்ல இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். புரியலைன்னா, என்னக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா."

கேட்டிருக்கலாம்.